ஏழு கேள்விக்குறி, அப்புறம் நாலு

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையின் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணச் சொன்னவன் நான். தை பிறந்ததும் முகூர்த்தங்கள் வரிசை கட்டி நிற்கும். ஆண்டர்சன் தெருவில் அந்த வாரம் கடைக்காரர்கள் சாப்பிடுவதே நின்றுகொண்டுதான். அப்படிப்பட்ட நேரத்தில், மடிப்பாக்கத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் ஃபோனோடு உலாத்தியபடி, “ஃபார்மட் பண்ணிடுங்க அண்ணாச்சி, வேற வழியில்லை” என்றேன். வேறு வழி இருந்தது. சொல்லப்போனால் அந்த மெஷினில் கோளாறே இல்லை. நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் ராத்திரி படுத்தால் சில நாள் அந்த வாக்கியம் என் குரலிலேயே கேட்கிறது. எழுதிப் பார்த்தால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

நான் தனி ஆள். சின்னக் கடைகளுக்கு அவர்கள் கேட்கிற மாதிரி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது தொழில். பத்திரிகைக் கடைக்கு எழுதியது கொஞ்சம் வித்தியாசமானது. கார்டு நம்பர், எத்தனை நூறு, எத்தனை கலர், கோல்டு ஃபாயில் உண்டா, உள்தாள் தனியா, கவர் மேல் பெயர் அச்சா என்று ஏகப்பட்ட கணக்கு. பில் தமிழில் வர வேண்டும், ப்ரூஃப் எப்போது கொடுத்தோம், யார் பார்த்துச் சரி சொன்னார்கள் என்பதும் பதிவாக வேண்டும் (மாப்பிள்ளையின் பட்டப்படிப்பை விட்டுவிட்டால் வரும் சண்டையில் கடைக்காரருக்கு இருக்கும் ஒரே ஆயுதம் அது). நாலைந்து கடைகளில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி கடையிலும் ஒரு பழைய மெஷினில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ரிச்சி தெருவில் புதிதாக ஒன்று அசெம்பிள் செய்து வாங்கினார். அதில் போட வேண்டும். “செட்டப் ஃபைலை டபுள் கிளிக் பண்ணுங்க, அடுத்து அடுத்துன்னு போங்க, முடிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனேன். குளித்துவிட்டு வந்தால் ஆறு மிஸ்டு கால்.

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்திருந்தது. மானிட்டரைப் பக்கவாட்டில் நின்று எடுத்தது. டியூப்லைட் வெளிச்சம் பட்டு, செய்தியின் நடுப்பகுதி முழுக்க வெள்ளை. கடைசியில் மட்டும் தெரிந்தது: எரர் 123. ஃபைலின் பெயரோ ஃபோல்டரின் பெயரோ டிரைவின் பெயரோ எழுதப்பட்ட விதம் சரியில்லை என்று விண்டோஸ் சொல்லும்போது வரும் எண் அது. பெயர் சரியில்லை. இவ்வளவு தெளிவாக அது சொன்னது. நான்தான் கேட்கவில்லை. பென்டிரைவின் பெயரில் ஏதோ கோளாறு என்று நினைத்து, “டெஸ்க்டாப்புக்கு காப்பி பண்ணிட்டு ஓட்டுங்க” என்றேன். டெஸ்க்டாப்பும் அதே யூசர் ஃபோல்டருக்குள்தான் இருக்கிறது என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த வேலையில் பழகிய எவருக்கும் கைவசம் ஒரு அஞ்சறைப் பெட்டி உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது 1603 என்ற எரர் வந்தால் பயப்படத் தேவையில்லை, அது வெறும் காய்ச்சல், நோய் அல்ல. எதுவோ பாதியில் நின்றுவிட்டது என்பதைத் தவிர அதற்கு அர்த்தமே கிடையாது. லாக் (நடந்ததை வரிசையாகக் குறித்து வைக்கும் பதிவு) எழுதச் சொல்லி மறுபடி ஓட்டி, ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று வருகிற இடத்தைத் தேடி, அதற்குச் சில வரிகள் மேலே படித்தால் உண்மையான காரணம் உட்கார்ந்திருக்கும். 1618 என்றால் பின்னால் வேறொரு இன்ஸ்டால் ஓடுகிறது, ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். விசிரன்டைம் 140 டிஎல்எல் காணவில்லை என்றால் மைக்ரோசாஃப்டின் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரன்டைம், அதாவது நிரல் ஓடத் துணையாக வேண்டிய ஃபைல்கள், அந்த மெஷினில் இல்லை. எழுதுகிறவன் மெஷினில் அது எப்போதும் இருக்கும் என்பதால் அவனுக்கு இந்த எரர் வரவே வராது. நீலப் பெட்டி வந்து “உங்கள் கணினியைப் பாதுகாத்தோம்” என்றால் ஸ்மார்ட்ஸ்கிரீன், விண்டோஸின் காவல் ஏற்பாடு. நம் கையெழுத்துச் சான்றிதழ் இல்லாத, பல பேர் இறக்கியிராத ஃபைலைப் பார்த்தால் அதற்குச் சந்தேகம். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். பெட்டியில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக அண்ணாச்சிக்குக் கொடுத்தேன். ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டுங்க. ஆன்டிவைரஸை நிறுத்துங்க. ஃபைலைத் திரும்ப இறக்குங்க. ரன்டைம் போடுங்க. ரீஸ்டார்ட். ஒவ்வொன்றுக்கும் அவர் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டுப் போய்ச் செய்தார்.

லாக் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். லாக் இல்லை. நான் பயன்படுத்திய செட்டப் கருவி முதலில் டெம்ப் ஃபோல்டரில் (தற்காலிக ஃபைல்களுக்கான இடம், அதுவும் யூசர் ஃபோல்டருக்குள்தான்) தனக்கு ஒரு சின்ன ஃபோல்டர் உண்டாக்கிக்கொண்டு, அங்கிருந்துதான் மற்ற வேலையெல்லாம் செய்யும். லாக் எழுதுவதும் அங்கேதான். அந்த முதல் படியிலேயே அது விழுந்துவிட்டது. வாசலே திறக்காத வீட்டில் வருகைப் பதிவேடு எங்கே இருக்கும்?

மாலையில் அண்ணாச்சி செய்தியை ஃபோனில் வாசித்துக் காட்டினார். “சி, ரெண்டு புள்ளி, சாய்ஞ்ச கோடு, யூசர்ஸ், சாய்ஞ்ச கோடு, அப்புறம் நிறைய கேள்விக்குறியா இருக்கு தம்பி.”

“எத்தனை?”

“இருங்க… ஏழு. அப்புறம் இடைவெளி. அப்புறம் நாலு.”

இதைக் கேட்ட பிறகும் எனக்கு விளங்கவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதே கடையில் இன்னொரு மெஷினில் அதே ஃபைல் சிக்கல் இல்லாமல் இன்ஸ்டால் ஆகிவிட்டது. அதன் யூசர் பெயர் ‘அட்மின்’. ஆக, என் செட்டப்பில் குற்றமில்லை, அவர் மெஷினில்தான் குற்றம் என்று முடிவு கட்டினேன். கேள்விக்குறி கேள்விக்குறியாக வருகிறது என்றால் டிஸ்க்கில் ஏதோ கெட்டிருக்கிறது. டிடிபி கடை, ஊரார் பென்டிரைவ் எல்லாம் வந்து போகிற இடம். வைரஸ். வைத்தியருக்குப் புரியாத வலியெல்லாம் ‘வாயு’ என்பது மாதிரி, எங்களுக்குப் புரியாததெல்லாம் வைரஸ்.

ரிச்சி தெருப் பையன் வந்து ஃபார்மட் செய்து அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பில், டிசைன் எல்லாம் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன. ஆனால் ஃபான்ட்கள் போயின. கல்யாணப் பத்திரிகைக் கடைக்கு ஃபான்ட் என்பது நகைக்கடைக்குத் தங்கம். டிடிபி பார்க்கும் அக்கா பழைய சிடிக்களைத் தேடி எடுத்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி முடிக்க ஒரு முழு நாள் ஆயிற்று. அன்றைக்குப் போக வேண்டிய இரண்டு ப்ரூஃப்கள் போகவில்லை. மறுநாள் காலையில் செட்டப்பை ஓட்டினார்கள். எரர் 123. ஏழு கேள்விக்குறி, இடைவெளி, நாலு.

வாட்ஸ்அப்பில் வந்த மேட்டர்

இதற்கு மேல் ஃபோனில் பேச எனக்கே வெட்கமாக இருந்தது. பரங்கிமலையில் ரயிலேறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். கடையில் அண்ணாச்சி ஒரு குடும்பத்துக்கு ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மாவுக்குப் பிள்ளையார் படம் இடப்பக்கம் பார்க்க வேண்டும், அப்பாவுக்கு எது என்றாலும் சரி. எனக்கு டீ வந்தது. டீயோடு உள்ளறையில் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். அவர் வேலை ஓடிக்கொண்டிருந்தது. பக்கம் அமைக்கும் பழைய சாஃப்ட்வேரான பேஜ்மேக்கர் திறந்திருந்தது. 2001-க்குப் பிறகு அதற்குப் புதிய பதிப்பே வரவில்லை, ஆனாலும் இந்தத் தெருவில் அதற்கு ஓய்வு கிடையாது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பத்திரிகை வாசகத்தை அக்கா காப்பி செய்து பேஜ்மேக்கரில் ஒட்டினார். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி. சின்ன முணுமுணுப்புக்கூட இல்லாமல் அதை அழித்துவிட்டு, ஒரு கன்வெர்ட்டரில் போட்டு மாற்றி மறுபடி ஒட்டினார். தமிழ் வந்தது.

அப்புறம் திரும்பாமலேயே சொன்னார்: “சார், உங்க எரரும் இதேதானே?”

“எது அக்கா?”

“இந்தக் கேள்விக்குறிதான். யூனிகோடுல வர்றதைப் பழைய சாஃப்ட்வேர்ல ஒட்டினா இப்படித்தான் ஆகும். அந்தக் கம்ப்யூட்டருக்கு முருகன் துணைன்னு பேரு வெச்சிருக்கோம்ல, அதைத்தான் உங்க செட்டப்பு படிக்கத் தெரியாம நிக்குது.”

எனக்கு டீ ஆறிப்போனது. ஆனாலும் கடைசியாக ஒரு முரண்டு பிடித்தேன். “முருகன்ல நாலு எழுத்துதானே அக்கா இருக்கு? ஏழு கேள்விக்குறி வருதே?”

“உங்களுக்கு நாலு. உகரம் ரெண்டு, புள்ளி ஒண்ணு, அதையும் கணக்குல சேருங்க. துணைக்கு உகரம் ஒண்ணு, ஐகாரக் கொம்பு ஒண்ணு. சரியா வரும்.”

சரியாக வந்தது. ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி. ஏழு. இடைவெளி. த, உகரக் குறி, ண, ஐகாரக் குறி. நாலு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு, தமிழை இப்படித்தான் உடைத்து வைக்கிறது என்பது எனக்கும் தெரியும். தெரியும் என்பதைவிட, அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். என் சாஃப்ட்வேரின் பில்லில் பெயரை நெடுவரிசைக்குள் அடக்க இந்தக் கணக்கைப் போட்டுத்தான் நிரல் எழுதியிருக்கிறேன். அக்காவுக்கு அது பாடமாகத் தெரியாது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை கேள்விக்குறிகளைப் பார்த்துப் பார்த்துக் கண்ணில் படிந்த விஷயம். நான் கேள்விக்குறியைக் கோளாறு என்று பார்த்தேன், அவர் அதை எழுத்தாகப் படித்தார்.

முருகன் துணை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று பிறகு கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம். புதுக் கணக்கு நோட்டைப் பிரித்தால் முதல் பக்கத்தின் தலையில் எதை எழுதுவோமோ அதை எழுதினார்கள். புது மெஷின், முதல் திரை, பெயர் கேட்டது. வேறு எதை எழுதுவார்கள்?

எண் இல்லாத மொழி

கோளாறு எங்கே என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது என் ஒருவன் சோம்பேறித்தனம் மட்டும் இல்லை. விண்டோஸில் பழைய காலத்து நிரல்கள் எழுத்துகளைக் கையாள ‘கோடு பேஜ்’ என்ற பட்டியல்கள் உண்டு. ஆங்கிலத்துக்கும் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கும் 1252. ரஷ்ய மொழிக்கு 1251. ஜப்பானிய மொழிக்கு 932. தாய் மொழிக்கு, அதாவது தாய்லாந்துக்காரர்கள் மொழிக்கு, 874. பழைய நிரல் ஒன்று ரஷ்ய விண்டோஸில் ரஷ்யப் பெயரைச் சந்தித்தால் தட்டுத் தடுமாறியாவது படித்துவிடும். பழைய நிரல்களுக்காக விண்டோஸில் தேர்ந்தெடுத்துக்கொள்ள, தமிழுக்கு அப்படி ஒரு எண்ணே கிடையாது. தமிழ் விண்டோஸுக்குள் வந்தது விண்டோஸ் 2000-இல், அதுவும் யூனிகோடு வழியாக மட்டும். அதனால் பழைய நிரலுக்குத் தமிழைக் காட்ட அமைப்புகளில் எந்த மொழியைத் தேர்ந்தெடுத்தாலும் பலனில்லை. நமக்கென்று ஒரு ஜன்னல் வைக்கவே இல்லை. 2018-இல் எல்லா நிரல்களுக்கும் யூடிஎஃப் 8 (யூனிகோடை எழுதி வைக்கும் ஒரு முறை) என்று ஒரு டிக் போடும் வசதி வந்தது, ஆனால் பீட்டா என்ற பலகையோடு. அண்ணாச்சி மெஷினின் கோடு பேஜ் நம் ஊரில் எல்லோருக்கும் இருப்பதுபோல 1252. அதில் ‘மு’ இல்லை. இல்லாத எழுத்துக்குப் பதில் விண்டோஸ் கேள்விக்குறி போட்டுக் கொடுக்கும். கேள்விக்குறியோ ஃபோல்டர் பெயரில் வரவே கூடாத குறி. பெயரின் வடிவம் தவறு. 123.

என் சாஃப்ட்வேர் சி ஷார்ப்பில் எழுதியது. உள்ளே மூலை முடுக்கெல்லாம் யூனிகோடு. அதைச் சுற்றிக் கட்டி அனுப்பிய செட்டப்தான் பழசு. பல வருடங்களுக்கு முன் இறக்கிய கருவியின் யூனிகோடு இல்லாத பதிப்பு. அதே கருவிக்கு யூனிகோடு பதிப்பு எப்போதோ வந்துவிட்டது, இலவசம்தான். நான் மாறவில்லை. ஓடுகிற வண்டியை ஏன் தொட வேண்டும்? தமிழில் பில் போடும் சாஃப்ட்வேரை விற்கிறேன், அதன் வாசலில் தமிழ் தெரியாத காவலாளியை நிற்க வைத்திருக்கிறேன்.

இதில் அக்காவின் உலகத்துக்கும் என் உலகத்துக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது. தமிழுக்கு விண்டோஸில் பட்டியல் இல்லாததால்தான் அந்தக் காலத்தில் ஃபான்ட் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு வரிசை. 1999-இல் இதே சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு எழுத்து வரிசைகளைத் தரமாக வகுத்தார்கள், தமிழ் 99 விசைப்பலகையும் அப்போது வந்ததுதான். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆண்டர்சன் தெரு இன்னும் பேஜ்மேக்கரில் இருக்கிறது. அதைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்திருக்கிறேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அக்கா தினமும் கன்வெர்ட்டரோடு இரண்டு கரைக்கும் நடுவே போய் வருகிறார். எந்தக் கரையில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

அட்மின் துணை

காரணம் தெரிந்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம் இது: “அண்ணாச்சி, இங்கிலீஷ் பேர்ல ஒரு யூசர் போட்டுக்குங்க, சரியாயிடும்.”

எங்கள் தொழிலில் இது அவமரியாதையாகவே தோன்றாது. யூசர் பெயரில் ஆங்கிலம் மட்டும், இடைவெளி கூடாது, புள்ளி கூடாது என்று எத்தனையோ பேருக்கு எத்தனையோ பேர் சொல்லியாயிற்று. அண்ணாச்சி ஆல்பத்தை மூடிவைத்துவிட்டு வந்து, திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சரி தம்பி. அப்ப ‘அட்மின் துணை’ன்னு போட்டுடலாமா?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழக்கம் இருக்கிறது. ஃபார்மட் பற்றி ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை. அறுநூறு ரூபாயை நானே எடுத்துக் கொடுத்தபோது, “இருக்கட்டும், ஆடியில பார்த்துக்கலாம்” என்று மேஜை டிராயருக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்தார்.

பெயரை மாற்றவில்லை. மாற்றினாலும் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், உள்ளே ஃபோல்டரின் பெயர் முதலில் வைத்தபடியேதான் கிடக்கும். டெம்ப் ஃபோல்டர் எங்கே என்று சொல்லும் அமைப்பை மட்டும் சி டிரைவில் நேரடியாக ஓர் ஆங்கிலப் பெயர் ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டு, செட்டப்பை டி டிரைவுக்குக் கொண்டுபோய் ஓட்டினேன். ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஒரு நிமிடம். ரயிலில் திரும்பி வரும்போது அந்த ஒரு நிமிடத்தையும் ஃபான்ட் ஏற்றிய ஒரு நாளையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு வந்தேன். கூடவே சேலத்துக்காரர் ஒருவரும் நினைவுக்கு வந்தார். இரண்டு வருடங்களுக்கு முன் “நமக்கு செட் ஆகலை சார்” என்று ஒரே வரியில் விலகிக்கொண்டவர். விலை அதிகம் என்று நினைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். அவர் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் என்று கேட்டதில்லை.

யூனிகோடு பதிப்புக்கு மாற அரை மணி நேரம் போதும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆயிற்று. செட்டப் தாண்டியதும் உள்ளே வேறு கேள்விக்குறிகள் காத்திருந்தன. பேக்கப் எங்கே போக வேண்டும் என்ற விவரத்தை ஒரு ஐஎன்ஐ ஃபைலில் எழுதி வைத்திருந்தேன். விண்டோஸின் பழைய வழியில் எழுதினால், அந்த ஃபைல் ஏற்கெனவே யூனிகோடாக உருவாகியிருந்தால் ஒழிய, அதுவும் ஆன்சியாகத்தான், அதாவது அந்தப் பழைய கோடு பேஜ் முறையில்தான் எழுதப்படும். பிரிண்டரோடு பேச ஒரு டிஎல்எல்-ஐ அழைக்கும் வரியில் எழுத்து வகை எதையும் குறிப்பிடாமல் விட்டிருந்தேன். குறிப்பிடாவிட்டால் சி ஷார்ப் ஆன்சி என்றுதான் எடுத்துக்கொள்ளும். டேட்டாபேஸை மீட்க, கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த ஒரு பேட்ச் ஃபைல், அதற்குத் தனியாக ஒரு கோடு பேஜ். எல்லாம் நானே எழுதியவை. எதுவும் என் மெஷினில் ஒரு நாளும் உடைந்ததில்லை. என் மெஷினில் என் பெயர் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கிறது. கேட்காமலே கையை அங்கே கொண்டுபோய்விடுகிற பழக்கம் எப்போது வந்தது என்று யோசித்தேன். முதல் கம்ப்யூட்டர் லேபிலேயே வந்திருக்க வேண்டும்.

விண்டோஸோடு வரும் சோதனைக் கூடமான விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் சோதித்தால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தினம் அதில்தான் சோதித்துக்கொண்டிருந்தேன். திறக்கும்போதெல்லாம் புத்தம் புது விண்டோஸ், ரன்டைம் விடுபட்டது எல்லாம் அழகாகப் பிடிபடும். ஆனால் அதன் யூசர் பெயர் விண்டோஸ் தானே வைத்த ஓர் ஆங்கிலப் பெயர். ஆயிரம் முறை ஓட்டினாலும் இது பிடிபடாது. இப்போது தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர்) வைத்திருக்கிறேன். யூசர் பெயர் முருகன் துணை, நடுவே இடைவெளியோடு. எந்தப் பதிப்பும் முதலில் அங்கே ஏறி இறங்கிய பிறகுதான் வெளியே போகும்.

ஆடியில் கூப்பிட்டார்கள். முகூர்த்தம் இல்லாத மாதம், கடையில் ஃபேன் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி. புதுப் பதிப்பைப் போட வேண்டும். டெம்ப் அமைப்பை முதலில் பழையபடி திருப்பி வைத்தேன், ஏமாற்று வேலை கூடாது என்று. அக்காவையே ஓட்டச் சொன்னேன். டபுள் கிளிக். செட்டப் திறந்தது. இந்தமுறை அட்மின் அனுமதி கேட்காமல் யூசர் ஃபோல்டருக்குள்ளேயே இன்ஸ்டால் ஆகும்படி செய்திருந்தேன். அதனால் எங்கே போடப் போகிறேன் என்று காட்டும் கட்டத்தில் முழு முகவரியும் வந்தது. யூசர்ஸ், சாய்ந்த கோடு, முருகன் துணை, சாய்ந்த கோடு. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“பேரு வந்துடுச்சு சார். ஆனா என்ன ஃபான்ட் இது? ணையோட கொம்பு பக்கத்துல இடிக்குது பாருங்க.”

அந்தச் சின்னப் பெட்டியின் எழுத்துரு தஹோமா. அதில் தமிழ் கிடையாது, விண்டோஸ் தன்னிடம் இருப்பதில் ஒன்றை எடுத்து ஒட்ட வைக்கும் என்று விளக்க ஆரம்பித்தேன். அக்கா அதற்குள் அடுத்த பொத்தானை அழுத்திவிட்டார்.